வரிக்காகக் கொடுத்த கார்

மாநிலச் சிறைச்சாலை, ஒஹாயோ
2 டிசம்பர் 2003

அன்புள்ள அக்கா நாடீனுக்கு,

வெர்லின் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கோர்டன் அத்தானுக்கு இருமல் நின்றதா? போன வாரம் நன்றித் திருநாளுக்கு இங்கே வான்கோழி என்று ஒன்றைத் தட்டில் போட்டார்கள். அது வான்கோழி என்றால் நான் இந்த மாநிலத்தின் ஆளுநர்.

நல்ல செய்தி ஒன்று. விடுதலைத் தேதி உறுதியாகிவிட்டது. ஆகஸ்ட் ஒன்பது. இன்னும் எட்டு மாதம்தான். லங்காஸ்டரில் டயர்க் கடை வைத்திருக்கும் லொவெல் வேலை தருவதாக எழுதியிருக்கிறான். உன் வீட்டிலிருந்து இருபது மைல், பஸ் கிடையாது. உரிமம் ரத்தானவனும் வேலைக்குப் போய் வர மட்டும் கார் ஓட்டலாம் என்று நீதிபதியிடம் மனுப்போட்டு அனுமதி வாங்க முடியுமாம், இங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே என் பியூக் கார்தான் இப்போது என் முழு நம்பிக்கை.

குளிர் வந்துவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை மறக்காமல் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிடு, இல்லாவிட்டால் பேட்டரி போய்விடும். மேலே போட்ட நீலத் தார்ப்பாயின் கயிறு இறுக்கமாக இருக்கிறதா பார். பானெட்டுக்குள் எலி கூடு கட்டும், தட்டிப் பார். டயர்களில் காற்று? முன்பக்க நசுங்கலை நான் வந்து தட்டி நிமிர்த்திக்கொள்கிறேன், அதற்கெல்லாம் நீ செலவு செய்யாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம். பதில் போடு.

உன் தம்பி,
வெர்லின்

*

லோகன், ஒஹாயோ
11 ஜனவரி 2004

அன்புள்ள தம்பி வெர்லினுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கிறிஸ்துமஸுக்கு இங்கே முழங்கால் உயரப் பனி. கோர்டனுக்கு இருமல் போய் மூக்கடைப்பு வந்திருக்கிறது. தேவாலயத்தில் அவரை மறுபடியும் பொருளாளராகப் போட்டிருக்கிறார்கள், அந்த மகிழ்ச்சியில் மூக்கடைப்பை மறந்து திரிகிறார். என் முதுகுக்கு மருத்துவர் ஏதோ பட்டை கொடுத்திருக்கிறார். அதைக் கட்டிக்கொண்டால் குனிய முடியவில்லை, கழற்றினால் நிமிர முடியவில்லை.

உன் விடுதலைத் தேதி கேட்டு மகிழ்ச்சி. லொவெல் நல்லவன்.

இந்த வருடம் ஆப்பிள் பை சரியாக வரவில்லை, அடி கருகிவிட்டது. பனி குறைந்ததும் உன்னைப் பார்க்க வருகிறேன்.

காரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை டிசம்பர் 30-ஆம் தேதி ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்துவிட்டோம். ரேடியோவில் விளம்பரம் சொல்கிறார்களே, பழைய கார் எதுவானாலும் அவர்களே வந்து இழுத்துக்கொண்டு போவார்கள், டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் கொடுத்தால் அந்த வருடத்து வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று. கோர்டனுக்கு வரிக்கு உதவியாக இருக்கும் என்று கொடுத்தோம். அது நின்ற இடம் இப்போது காலியாக இருக்கிறது. பனி தள்ள வசதி.

குளிருக்குக் கதகதப்பாக இரு.

அன்புடன் அக்கா,
நாடீன்

*

19 ஜனவரி 2004

நாடீனுக்கு,

நான் நலமாக இல்லை. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு பக்கம் முழுக்கப் பனி, மூக்கடைப்பு, கருகிய பை. கடைசியில் போகிற போக்கில் நாலு வரியில் என் காரைக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். செத்துப்போன நாயைப் பற்றி எழுதினால்கூட இன்னும் இரண்டு வரி எழுதியிருப்பாய்.

வரிக்காகவா? உன் புருஷனின் வரிக்காகவா? அவருக்குத் தர்மம் செய்ய ஆசை வந்தால் அவருடைய வெள்ளை வேனைக் கொடுக்கட்டும். கோட்டுப் பையிலிருந்து ஒரு டாலரை எடுக்க ஒன்பது முறை யோசிக்கிற மனிதருக்கு, சிறையில் இருப்பவனின் காரை எடுத்துக் கொடுக்க மட்டும் மனம் தாராளமாகிவிட்டதா?

பக்கத்துக் கட்டில் ஃபெல்டனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான். "உங்க அத்தான் எங்க எல்லாரையும் விடக் கெட்டிக்காரன்டா. நாங்க ராத்திரியில கண்ணாடிய உடைச்சு வண்டி எடுத்துட்டு மாட்டிக்கிட்டோம். அவரு பட்டப்பகல்ல எடுத்துக் குடுத்துட்டு ரசீதும் வாங்கியிருக்காரு!" என்கிறான். ஒரு காவலாளியும் சேர்ந்து சிரித்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

ஒரே ஒரு கேள்வி. அந்தக் கார் என் பெயரில் இருக்கிறது. உரிமைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடாமல் அதை எவனுக்கும் மாற்ற முடியாது. நான் போடவில்லை. யார் போட்டது?

இதை உன் புருஷனுக்கும் படித்துக் காட்டு.

வெர்லின்

*

3 பிப்ரவரி 2004

மைத்துனர் வெர்லின் ஸ்ட்ரவுட் அவர்களுக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கு யாவரும் சுகம். உமது சுகத்துக்காகவும் ஒவ்வொரு ஞாயிறும் ஜெபிக்கிறோம். உமது கடிதத்தில் பாதியை நாடீன் எனக்கு வாசித்துக் காட்டினாள். மீதி வாசிக்கத்தக்கதாக இல்லை என்று அவள் சொன்னாள்.

கோபம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பது எனக்கு முன்னால் உமக்கே தெரியும், ஆகையால் அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மூன்றரை வருடமாக அந்த வாகனம் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அது நின்றதற்கு நான் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. (இரண்டு முறை முணுமுணுத்ததாக நாடீன் சொல்கிறாள்.) பார்வையற்றோருக்கு உதவும் ஓர் அமைப்புக்கு அது போய்ச் சேர்ந்தது என்பதில் உமக்கு ஆறுதல் இருக்க வேண்டும். விலைப் புத்தகத்தில் அந்த வருடத்து மாடலுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதைத்தான் கழித்திருக்கிறேன். மூவாயிரத்து நூறு டாலர். அதற்கு மேல் ஒரு காசு இல்லை.

தாள்களைப் பொறுத்தவரை, எல்லாம் ஒழுங்காக உமது கையெழுத்துடன்தான் என் மேசைக்கு வந்தன. என் கண்ணால் பார்த்தேன். இப்போது இல்லை என்று ஏன் சொல்கிறீர் என்று எனக்கு விளங்கவில்லை.

சமாதானம் உமக்கு உண்டாவதாக.

கோர்டன் கெஸ்லர்

*

9 பிப்ரவரி 2004

பொருளாளர் கோர்டன் அவர்களுக்கு,

உங்கள் சுகம் கேட்டு மகிழ்ச்சி, ஆனால் உங்கள் ஜெபம் எனக்கு வேண்டாம்.

என் கையெழுத்தை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா? மூன்றரை வருடமாக நான் தொடுகிற ஒவ்வொரு தாளையும் இங்கே முதலில் ஒரு காவலாளி பிரித்துப் பார்க்கிறான். அப்படி ஒரு பத்திரம் எனக்கு வரவும் இல்லை, போகவும் இல்லை. நீங்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அந்த எழுத்து உங்கள் காசோலைகளில் இருக்கும் எழுத்து மாதிரி இருக்கும்.

நான் குடிகாரன், சிறைக்காரன், சரி. ஆனால் நான் செய்ததை நானே செய்தேன் என்று எழுந்து நின்று ஒப்புக்கொண்டேன். நீங்கள் திருடுகிறபோதும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு திருடுகிறீர்கள்.

அந்த ஸ்தாபனத்துக்கும் எழுதியிருக்கிறேன்.

வெர்லின் ஸ்ட்ரவுட்

*

24 பிப்ரவரி 2004

அன்புள்ள வெர்லினுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், அவற்றை உள்ளே விடுவார்களா தெரியவில்லை. சாலையெல்லாம் கண்ணாடி போல உறைந்து கிடக்கிறது. இந்த மாதமும் உன்னைப் பார்க்க வர முடியாது போலிருக்கிறது.

கோர்டனுக்கு நீ எழுதியதை நான் படித்தேன். அவரை அப்படியெல்லாம் பேசாதே. அவர் கஞ்சர்தான், அகம்பாவம் பிடித்தவர்தான், ஆனால் திருடர் இல்லை.

கையெழுத்தைப் பற்றி மறுபடி மறுபடி கேட்கிறாய். முடிந்துபோன விஷயம். காரும் போய்விட்டது. நீ வந்ததும் வேறு ஏதாவது வழி பார்க்கலாம். லொவெலிடம் பேசி, கடைக்குப் பக்கத்திலேயே உனக்கு ஓர் அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.

தண்ணீர் நிறையக் குடி. குளிர்காலத்தில் நீ தண்ணீரே குடிக்க மாட்டாய்.

அக்கா

*

15 மார்ச் 2004

மதிப்புக்குரிய திரு. வெர்லின் ஸ்ட்ரவுட் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அமைப்பின் மீது தாங்கள் காட்டும் அக்கறைக்கு முதற்கண் நன்றி!

தாங்கள் குறிப்பிட்ட மெரூன் நிற பியூக் கார் டிசம்பர் 30 அன்று திரு, திருமதி கெஸ்லர் தம்பதியரிடமிருந்து நன்கொடையாகப் பெறப்பட்டது. உரிமைப் பத்திரத்தில் முந்தைய உரிமையாளர் என்ற இடத்தில் தங்கள் கையொப்பம் உள்ளது. முன்பக்கச் சேதத்தின் காரணமாக அந்த வாகனம் ஜனவரி மாத ஏலத்தில் பழைய உதிரிபாக வியாபாரி ஒருவருக்கு நானூற்று ஐம்பது டாலருக்கு விற்கப்பட்டது. அதைத் திருப்பித் தர இயலாத நிலையில் இருப்பதற்கு வருந்துகிறோம்.

தங்களிடமோ தங்கள் நண்பர்களிடமோ பயன்படுத்தாத கார், படகு, புல்வெட்டும் இயந்திரம் ஏதேனும் இருந்தால் எங்களை அழையுங்கள். நாங்களே வந்து எடுத்துச் செல்வோம். இந்த ஆண்டு முடிய இன்னும் நிறைய நாள் இருக்கிறது!

தங்கள் உண்மையுள்ள,
வாகன நன்கொடைப் பிரிவு

*

20 மார்ச் 2004

நாடீனுக்கு,

அவர்கள் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். படி. என் நண்பர்களிடம் படகு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஃபெல்டனிடம் கேட்டேன், அவனுடைய படகை ஒரு நீதிபதி பறிமுதல் செய்து வைத்திருக்கிறாராம்.

என் காரைப் பிரித்து உதிரியாக விற்றுவிட்டார்கள். மாதக்கணக்காக ஒவ்வொரு ராத்திரியும் நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த கார். உன் வாசலிலிருந்து திரும்பி, பாலத்தைத் தாண்டி, லங்காஸ்டர் வரைக்கும். அதைப் பழைய இரும்பாக நானூற்றைம்பதுக்குப் போட்டுவிட்டு, உன் புருஷன் அரசாங்கத்திடம் மூவாயிரத்து நூறு என்று எழுதியிருக்கிறார். 'அதற்கு மேல் ஒரு காசு இல்லை' என்று எனக்குக் கணக்குச் சொல்கிறார். பானெட் நசுங்கி, ஒரு விளக்கு உடைந்து, கண்ணாடியில் விரிசல் விட்ட கார் அது. எந்தப் புத்தகத்தில் அதற்கு அந்த விலை?

போதும் அக்கா. அவரைக் காப்பாற்றத்தான் நீ வாயைத் திறக்காமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அரசு வழக்கறிஞருக்கு ஒரு புகார் எழுதி வைத்திருக்கிறேன். கள்ளக் கையெழுத்து, பொய் வரிக் கணக்கு, இரண்டும் அதில் இருக்கிறது. மார்ச் முப்பத்தொன்று வரை உனக்கு நேரம் தருகிறேன். கையெழுத்துப் போட்டது கோர்டன்தான் என்று ஒரு வரி எழுது. எழுதாவிட்டால் ஏப்ரல் முதல் தேதி அது தபாலில் போகும். சிறை எப்படி இருக்கும் என்று அவரும் பார்க்கட்டும். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் உண்டு.

உன் முதுகு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

வெர்லின்

*

லோகன்
3 ஏப்ரல் 2004

வெர்லின்,

உன் கெடு முடிந்துவிட்டது, தெரியும். நான்கு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

கையெழுத்துப் போட்டது நான். கோர்டன் இல்லை. நீ எழுதி அனுப்பிய கடிதங்களை அடுக்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, உன் முதலெழுத்து 'வி'யை ஒரு மணி நேரம் எழுதிப் பழகிவிட்டு, நீ வீட்டில் விட்டுப்போன பத்திரத்தில் போட்டேன். நீ சம்மதித்துப் பத்திரத்தை அனுப்பினாய் என்று கோர்டனிடம் பொய் சொன்னேன். வரி, வரி என்று அவருக்கு ஆசை காட்டியதும் நான்தான். ரேடியோ விளம்பரத்தைக் கேட்டதும் நான். வரி என்று சொன்னால் அவர் எதையும் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். வரி என்று சொன்னால் நீயும் அவரைத்தான் திட்டுவாய், என்னிடம் ஏன் என்று கேட்க மாட்டாய் என்றும் தெரியும். அப்படியேதான் நடந்தது.

ஏன் என்று இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி.

டிசம்பர் ஆறாம் தேதி பெரிய காற்று. நீ இறுக்கச் சொன்ன தார்ப்பாய்க் கயிறு அறுந்து, பாய் வேலியில் போய் மாட்டிக்கொண்டது. பகல் பதினோரு மணி இருக்கும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு வேன் வாசலுக்கு எதிரே நின்றது. அதிலிருந்து மிசஸ் ரைன்ஹார்ட் இறங்கினாள்.

ஓப்பல் ரைன்ஹார்ட். பெயர் நினைவிருக்கிறதா வெர்லின்? நீ இடித்தாயே, அந்தப் பெண். நம் பள்ளியில் உனக்கும் எனக்கும் ஆறு வருடம் தட்டில் சாப்பாடு வைத்தவள். தன் வீட்டு வாசலில் தபால் பெட்டியைத் திறந்து கடிதம் எடுத்துக்கொண்டிருந்தவள்.

அவள் மகள் வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். இவள் வாக்கரைப் பனியில் ஊன்றி ஊன்றி மேட்டில் தனியாக ஏறி வந்தாள். என் வாசலிலிருந்து தெருவுக்கு எத்தனை தூரம் உனக்குத் தெரியும். அவளுக்கு அது பத்து நிமிடம். கதவைத் தட்டுவாள் என்று பார்த்தேன். தட்டவில்லை. நேரே காரிடம் போனாள். கையுறையைக் கழற்றி, அந்த நசுங்கலின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

நான் கோட்டுகூடப் போடாமல் ஓடினேன். "உள்ள வாங்க மிசஸ் ரைன்ஹார்ட், குளிருது" என்றேன்.

"வேண்டாம்மா. இதானா அது?"

"ஆமா."

"எனக்குக் கனவுல இது லாரி மாதிரி வருது. நேர்ல பார்த்தா இத்துனூண்டு கார்." நசுங்கலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஓடுதா?" என்றாள்.

"ஓடுது. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்."

"எதுக்கு?"

உன் அக்கா அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், நீ சொல். "பேட்டரி போயிடுமாம். அவன் எழுதியிருந்தான்" என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோதே எனக்கு நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போல இருந்தது.

"கடிதமெல்லாம் எழுதுறானா? நல்லது. என்ன எழுதுவான்?"

"உங்களப் பத்திக் கேட்பான். ஒவ்வொரு கடிதத்துலயும் கேட்பான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீ நல்ல பொண்ணு நாடீன். சின்ன வயசுலயே உனக்குப் பொய் சொல்ல வராது" என்றாள். கையுறையைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு உன் கடிதங்களை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து உட்கார்ந்து படித்தேன். நாற்பத்தொரு கடிதம். பேட்டரி, டயர், எலி, தார்ப்பாய், என் முதுகு, கோர்டனின் இருமல், உனக்குக் கிடைக்காத வான்கோழி. அவள் பெயர் ஒன்றில்கூட இல்லை. 'அவள் எப்படி இருக்கிறாள்' என்று ஒரு வரி இல்லை. 'அந்தப் பெண்' என்றுகூட இல்லை. 'முன்பக்க நசுங்கலை நான் வந்து தட்டி நிமிர்த்திக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். தட்டி நிமிர்த்திவிடுவாயா? அவள் காலையும் அப்படியே தட்டி நிமிர்த்துவாயா?

எழுந்து நின்று ஒப்புக்கொண்டேன் என்று கோர்டனிடம் பெருமை பேசுகிறாய். வக்கீல் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாய். நான் பின் வரிசையில்தான் இருந்தேன். சூப்பர் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தால் மூன்றரை வருடமாக நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வரிசைக்கு ஓடுகிறேன். நீ செய்ததற்கு நான் ஓடுகிறேன். நீ உள்ளே உட்கார்ந்துகொண்டு டயரில் காற்று இருக்கிறதா என்று கேட்கிறாய்!

திங்கட்கிழமையே ரேடியோவில் கேட்ட அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மாதக் கடைசியில் இழுவை வண்டி வந்து அதை எடுத்துக்கொண்டு போனபோது என் முதுகுவலிகூடக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. உனக்கு நேராகச் சொல்லாமல் வரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது என் கோழைத்தனம். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். காருக்குக் கேட்க மாட்டேன்.

புகாரைத் தபாலில் போடு. கோர்டன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுது.

நாடீன்

*

14 மே 2004

வெர்லினுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன்னிடமிருந்து ஆறு வாரமாக ஒரு வரியும் இல்லை. ஆனால் உன் புகார் வந்து சேர்ந்துவிட்டது. என் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே போட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். பின்னால் போட்டிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஏப்ரல் கடைசியில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் டங்கர், மரியாதையான மனிதர், காலணியில் இருந்த சேற்றை வாசலிலேயே துடைத்துக்கொண்டு வந்தார். பத்திரத்தின் நகலை மேசையில் வைத்து, "இது உங்க தம்பி கையெழுத்துதானாம்மா?" என்று கேட்டார். கோர்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "அவனையே கேளுங்க" என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. உன்னைப் பார்க்க அங்கே வருவார்.

அவர் போனதும் கோர்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை. வரித் தாள்களை எடுத்துப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்து, அந்தக் கழிவை முழுக்க அடித்துவிட்டுத் திருத்திய கணக்கு அனுப்பினார். "பொருளாளர் பதவியும் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார். "நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம் நாடீன். அந்தம்மா வந்து நின்னதச் சொல்லியிருந்தா நானே இழுத்துட்டுப் போய் ஆத்துல தள்ளியிருப்பேன்" என்றும் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் அப்படி ஒன்று பேசி நான் கேட்டதில்லை. நீ அவருக்கு ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறாய்.

டங்கரிடம் உண்மையைச் சொல்லு. நான் பயப்படவில்லை. இன்னொரு முறை அந்தக் கார் என் வாசலில் நின்றால் இன்னொரு முறையும் உன் கையெழுத்தைப் போடுவேன்.

சாப்பிடு. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நாடீன்

*

மாநிலச் சிறைச்சாலை
20 ஜூன் 2004

நாடீன் அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

புகாரை ஏப்ரல் முதல் தேதி காலையிலேயே போட்டுவிட்டேன். உன் கடிதம் ஐந்து நாள் கழித்து வந்தது. அதைப் படித்துவிட்டு உன்மேல் எனக்கு வந்த கோபம், காருக்காக வந்த கோபத்தை விடப் பெரியது. ஃபெல்டனோடு சண்டை போட்டேன். உணவுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அதற்காகப் பத்து நாள் தனியறையில் போட்டார்கள். எழுதாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், உனக்கு எழுத ஒவ்வொரு முறை உட்காரும்போதும் உன்னை எப்படி மடக்குவது என்றே தேடினேன். கிடைக்கவில்லை.

நாற்பத்தொரு கடிதம் என்று எண்ணியிருக்கிறாய். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

டங்கர் போன வாரம் வந்தார். நகலை என் முன் வைத்தார். என் 'வி' அப்படி வளையாது, வாலில் நீ எப்போதும் ஒரு சுழி அதிகம் போடுவாய்.

"இது உன் கையெழுத்தா?"

"என்னுதுதான்."

"அப்புறம் எதுக்குப் புகார் எழுதின?"

"கோவம். உள்ள வர்றதுக்கு முன்னாடியே போட்டு அக்காகிட்ட குடுத்திருந்தேன். மறந்துட்டேன்."

அவர் என் புகாரை எடுத்துப் புரட்டினார். "மூணு பக்கம் எழுதியிருக்க. மறந்துபோன ஆள் எழுதுற மாதிரி இல்லையே" என்றார். "மறந்துட்டேன் சார்" என்றேன். கோப்பை மூடிக்கொண்டு போய்விட்டார். பொய்ப் புகார் எழுதியதற்காக இங்கே ஒரு மாதம் எனக்குப் பார்வையாளர் கிடையாது. நீயும் வரப்போவதில்லை, ஆகவே நஷ்டம் ஒன்றும் இல்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மூன்று மாதம் என்னை முட்டாளாக்கி, ஒரு தப்பும் செய்யாத மனிதனை நான் வாய்க்கு வந்தபடி பேச விட்டுவிட்டு, காலுறை அனுப்பிக்கொண்டிருந்தாய். முதல் வருடமே என் மூஞ்சியில் அறைந்த மாதிரி இதை எழுதியிருக்கலாம். நீயும் என்னைப் போலத்தான், பேட்டரி எழுதினால் பேட்டரிக்குப் பதில் போட்டாய். கோர்டன் அத்தானுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதை முழுசாகப் படித்துக் காட்டு.

ஆகஸ்டில் உன் வீட்டுக்கு வர மாட்டேன். லொவெல் கடைக்கு மேலேயே ஓர் அறை தருகிறான். படியிறங்கினால் வேலை. கார் வேண்டியதில்லை. நீதிபதியிடம் மனுவும் போடவில்லை.

மிசஸ் ரைன்ஹார்ட்டுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அப்படி நேரடியாக எழுதக் கூடாதாம், தண்டனை பெற்றவன் பாதிக்கப்பட்டவருக்கு எழுத வேண்டுமானால் அதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது, முதலில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், அவர்கள் அவளிடம் கேட்பார்கள், அவள் சரி என்றால்தான் கடிதம் போகும் என்றார்கள். படிவத்தை வாங்கினேன். என் பெயர், எண், குற்றம் நடந்த தேதி, எல்லாம் எழுதிவிட்டேன். ஐந்தாவது கேள்வி, 'பாதிக்கப்பட்டவருக்கு ஏற்பட்ட காயத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் விவரிக்கவும்.' நான்கு கோடு விட்டிருக்கிறார்கள். இரண்டு நாளாக அந்த நான்கு கோட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

கோர்ட்டில் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மடியில் ஒரு போர்வை போட்டிருந்தாள். நான் தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

எந்தக் கால், அக்கா? இடதா, வலதா? உடனே எழுது.

வெர்லின்